ஏத்தங்காய் சிப்ஸும் தேனும் துபாய்க்குப் போக விமானமா, கப்பலா?

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் சிறிய அளவில் சிப்ஸ் போடும் ஒருவர் கேட்டிருக்கிறார்: துபாயில் கடை வைத்திருப்பவர் 500 கிலோ ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸும் 200 கிலோ தேனும் கேட்கிறார், விமானத்தில் அனுப்புவது மலிவா, கப்பலில் அனுப்புவது மலிவா, விழிஞ்ஞம் துறைமுகம் இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது தூத்துக்குடிவரை ஏன் போக வேண்டும்? மூன்று கேள்வி மாதிரி தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். சரக்கு போய்ச் சேர்ந்து, பணம் கைக்கு வந்து, கணக்குப் பார்த்தால் ஏதாவது மிஞ்சுமா என்பது. அதை வைத்தே பதில் சொல்கிறேன். நான் தூத்துக்குடியில், சுங்க வேலைகளை முடித்துத் தரும் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் தொழில் கற்றுக்கொண்டவன். பிறகு பல வருடம் திருவனந்தபுரம் விமான நிலையத்துச் சரக்குப் பக்கம் அலைந்தவன். சரக்கு நகரும் விஷயத்தில் என் பேச்சை நம்பலாம். ஜி.எஸ்.டி. ரீஃபண்ட், வருமான வரி என்றால் உங்கள் ஆடிட்டரிடம்தான் போக வேண்டும்.

முதலில் ஒரு டேப்பை எடுத்து உங்கள் அட்டைப்பெட்டியை அளந்து பாருங்கள். கிலோவுக்கு என்ன ரேட் என்று கேட்டுக்கொண்டு வருபவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது பெட்டியின் நீள, அகல, உயரத்தைத்தான். விமானத்துக்குப் பாரமும் பிரச்சினை, இடமும் பிரச்சினை. அதனால் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 6000-ஆல் வகுப்பார்கள். அதில் வருவது ஒரு கிலோ கணக்கு. தராசு காட்டும் எடை, இந்தக் கணக்கு எடை, இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் காசு. கூரியர் கம்பெனிகள் பெரும்பாலும் 5000-ஆல் வகுக்கும், அங்கே இன்னும் கூடும்.

உங்கள் சிப்ஸையே எடுத்துக்கொள்வோம். 250 கிராம் பாக்கெட், உள்ளே நைட்ரஜன் ஊதியது, தலையணை மாதிரி உப்பி இருக்கும். 60-க்கு 40-க்கு 40 பெட்டியில் நாற்பது பாக்கெட் அடுக்கினால் 10 கிலோ சிப்ஸ். அட்டையோடு சேர்த்துத் தராசில் 11 கிலோ. ஆனால் பெருக்கி வகுத்துப் பாருங்கள், 16 கிலோ வரும். ஐம்பது பெட்டிக்குத் தராசில் 550 கிலோ, பில்லில் 800 கிலோ. அதாவது 250 கிலோ காற்றுக்கு நீங்கள் விமானக் கூலி கொடுக்கிறீர்கள். தேன் இதற்கு நேர் எதிர். அரைக்கிலோ பாட்டில் இருபத்து நான்கு கொண்ட பெட்டி, 48-க்கு 32-க்கு 18 என்று வைத்தால், தராசில் பதின்மூன்றரை கிலோ நிற்கும். கணக்கு எடை ஐந்து கிலோகூட வராது. 200 கிலோ தேனுக்குப் பதினேழு பெட்டி, கிட்டத்தட்ட 230 கிலோ.

இங்கேதான் உங்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. சிப்ஸைத் தனி ஏர்வே பில்லிலும் (விமானச் சரக்குச் சீட்டு) தேனைத் தனி ஏர்வே பில்லிலும் போட்டால் 800, 230, மொத்தம் 1030 கிலோவுக்குக் கட்ட வேண்டும். இரண்டையும் ஒரே ஏர்வே பில்லில் போட்டால் மொத்தத் தராசு எடை 780, மொத்தக் கணக்கு எடை 878. பெரியது 878, அவ்வளவுதான் பில். தேனின் பாரம் சிப்ஸின் காற்றுக்குள் ஒளிந்துகொள்கிறது. 150 கிலோ கூலி மிச்சம். ஃபார்வேர்டர்கள், அதாவது சரக்கு அனுப்பும் ஏஜென்ட்கள், பல பேருடைய சரக்கைச் சேர்த்து அனுப்பிச் சம்பாதிப்பதும் இந்த வித்தையில்தான். அந்த லாபத்தை நீங்களே எடுத்துக்கொள்ளலாம். இன்னொன்று: விமானக் கூலி 45, 100, 300, 500, 1000 கிலோ என்று படிப்படியாக இறங்கும். 878 கிலோவை 500 கிலோ படியின் ரேட்டில் பெருக்கியும் பாருங்கள், 1000 கிலோவை 1000 படியின் ரேட்டில் பெருக்கியும் பாருங்கள். சில சமயம் ஆயிரம் கிலோ என்று எழுதிக் கட்டுவது குறைவாக வரும். அது ஏமாற்று இல்லை, விமானக் கம்பெனிகளே ஒப்புக்கொள்ளும் முறை.

கப்பலில் கணக்கு வேறு. ஒரு கன்டெய்னரை நிரப்ப உங்களிடம் சரக்கு இல்லாததால் எல்.சி.எல். முறையில், அதாவது மற்றவர்கள் சரக்கோடு ஒரே கன்டெய்னரில் சேர்ந்து போக வேண்டும். அங்கே ஒரு கன மீட்டர் அல்லது ஒரு டன், எது கூடுதலோ அது. உங்கள் சிப்ஸ் 4.8 கன மீட்டர், தேன் அரை கன மீட்டருக்கும் குறைவு; ஆக ஐந்தேகால் கன மீட்டருக்குக் கூலி. வெறும் கூலியை மட்டும் பார்த்தால் கப்பல்தான் மலிவு, அதில் சந்தேகமே இல்லை. ரேட் எவ்வளவு என்று நான் எழுதப்போவதில்லை. வாரத்துக்கு வாரம் மாறும் எண் அது. போன மாதம் யாரோ சொன்ன ரேட்டை வைத்து வாங்குபவருக்கு விலை சொல்லிக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் நிறைய. ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள்: எல்.சி.எல். கூலி சந்தேகப்படும் அளவுக்குக் குறைவாக இருந்தால், அந்தப் பணத்தை அந்தப் பக்கத்தில் வசூலிக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். டெலிவரி ஆர்டர் கட்டணம், டெர்மினல் கட்டணம், கன்டெய்னரைப் பிரித்த கட்டணம் என்று துபாய்க்காரர் தலையில் ஏறும். அவர் உங்களைத்தான் திட்டுவார். ரேட் கேட்கும்போதே அங்கே என்னென்ன பிடிப்பீர்கள் என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

ஒரு முழு இருபது அடிக் கன்டெய்னரின் உள்ளளவு சுமார் 33 கன மீட்டர். அட்டைப்பெட்டி அடுக்கினால் 27, 28 வரை போகும். அதில் சிப்ஸ் மட்டும் ஏற்றினால் மூன்று டன்கூடத் தேறாது. இருபது டன்னுக்கு மேல் தாங்கும் பெட்டி அது! இந்த மாவட்டத்தில் சிப்ஸ் போடுபவர்கள் தனித்தனியாகக் கப்பல் கூலி பேசித் திண்டாடுவதைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக இருக்கும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து 14, 15 கன மீட்டர் சேர்த்தாலே பெரும்பாலும் முழுக் கன்டெய்னர் கூலி கட்டுப்படியாகிவிடும். சேரத்தான் மாட்டார்கள்.

எல்.சி.எல்.லில் விலையைவிட எனக்குப் பெரிய பயம் கூட வரும் சரக்கு. ஒரு தடவை நானே சூடுபட்டேன். முப்பது பெட்டி சிப்ஸ், தூத்துக்குடியில் ஒருவரிடம் சேர்ப்புச் சரக்காகக் கொடுத்திருந்தேன். வாங்கியவர் அங்கிருந்து போன் செய்து, "பெட்டியைத் திறந்தா கருவாடு வாசம் வருதே, நீங்க என்ன அனுப்பியிருக்கீங்க?" என்றார். பாக்கெட்டுக்குள் இருந்த சிப்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அட்டையும் பாக்கெட்டின் மேல்புறமும் வாசத்தைக் குடித்துவிட்டன. கடையில் அடுக்க முடியாது. பக்கத்தில் என்ன ஏற்றினார்கள் என்று நான் கேட்கவே இல்லை. தப்பு என்னுடையதும்தான். அன்றிலிருந்து கொடுக்கும் முன்பே கருவாடு, ரப்பர் ஷீட், மிளகாய், ரசாயனம் எதுவும் கூட வருகிறதா என்று கேட்டுவிட்டு, பெட்டிகளைப் பேலட்டில் (அடியில் வைக்கும் சட்டத் தட்டு) அடுக்கி, மேலிருந்து கீழ்வரை பிளாஸ்டிக் தாள் சுற்றித்தான் கொடுக்கிறேன். பேலட்டாக இருந்தால் மேலே பாரமான சரக்கைத் தூக்கி வைக்கவும் கொஞ்சம் யோசிப்பார்கள். தூத்துக்குடியிலிருந்து போகும் கன்டெய்னர்களில் பல கொழும்பில் கப்பல் மாறும்; சேர்ப்புச் சரக்கை அங்கே பிரித்து மறுபடி அடுக்குவதும் உண்டு. ஏத்தங்காய் வட்டம் நொறுங்குவது அந்த மாதிரி இடங்களில்தான்.

பேலட் என்றதும் நம் ஊர்க்காரர்கள் பக்கத்து மரமில்லுக்குப் போய் ரப்பர் மரத்தில் அடித்து வாங்கி வந்துவிடுவார்கள். உள்நாட்டுக்குச் சரி. வெளிநாட்டுக்குப் போகும் மரக்கட்டை, உள்மையம் 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேறியதாகவோ புகையூட்டியதாகவோ இருக்க வேண்டும். அதற்கு அடையாளமாகக் கோதுமைக் கதிர் போட்ட முத்திரை மரத்தில் குத்தியிருக்க வேண்டும். முத்திரை இல்லாத மரத்தைத் திருப்பி அனுப்பும் நாடுகள் பல, சரக்கோடு சேர்த்து. ஐந்தாறு பேலட்டுக்காக அந்த வம்பு வேண்டாம் என்றால் பிளாஸ்டிக்கிலோ பிளைவுட்டிலோ வாங்கிக்கொள்ளுங்கள். அவற்றுக்கு இந்த விதி இல்லை.

விமானத்துக்கும் அதற்கான தொல்லைகள் உண்டு. தோவாளைப் பூவும் காய்கறியும் திருவனந்தபுரம் வழியாக வளைகுடாவுக்குப் போவது பெரும்பாலும் பயணிகள் விமானத்தின் வயிற்றுப் பகுதியில்தான். அங்கே முதல் உரிமை பயணிகளின் லக்கேஜுக்கு. பள்ளி விடுமுறை முடிந்து குடும்பம் குடும்பமாகத் திரும்பிப் போகும் வாரத்தில், பெருநாள் சமயத்தில், ஓணத்தை ஒட்டி, ஆளுக்கு முப்பது கிலோ என்று பெட்டி ஏறிவிட்டால் சரக்கை இறக்கிவிடுவார்கள். ஆஃப்லோடு என்பார்கள். பூவாக இருந்தால் அன்றோடு கதை முடிந்தது. சிப்ஸுக்கு ஒன்றிரண்டு நாள் தாமதம், அவ்வளவுதான். புக்கிங் உறுதி என்று சொன்னாலும் விமானம் கிளம்பும்வரை முழு உறுதி கிடையாது. சின்ன விமானங்களில் சரக்குக் கதவும் சின்னது, ஒவ்வொரு பெட்டியாகக் கையால் அடுக்குவார்கள். அதனால் உயரமான பேலட் கட்டிக் கொண்டுபோய் நிற்காதீர்கள். விமான நிலையத்துச் சரக்கு ஷெட்டிலேயே பிரிக்கச் சொல்லிவிடுவார்கள்.

தேன் விஷயத்தில் தனியாக ஒரு எச்சரிக்கை. நம் மாவட்டத்துத் தேனில் பெரும்பங்கு ரப்பர் துளிர்க்கும் காலத்தில், மாசி பங்குனியை ஒட்டி, இளம் இலைக்காம்பில் ஊறும் தேனிலிருந்து வருவது. அதில் ஈரப்பதம் கூடுதலாக இருக்கும். 20 சதவீதத்துக்கு மேல் போனால் தரக்கட்டுப்பாட்டில் நிற்காது என்பது ஒரு பக்கம். புளித்து உள்ளே வாயு கட்டி, மூடி உப்பி, பாட்டில் ஒழுகுவது இன்னொரு பக்கம். ஒரு பாட்டில் ஒழுகினாலே விமானக்காரர்கள் மொத்தச் சரக்கையும் ஒதுக்கிவிடுவார்கள். திரவம் என்றாலே முகம் சுளிக்கும் கம்பெனிகளும் உண்டு, ஆகவே புக்கிங் போடும்போதே தேன் என்று சொல்லிவிடுங்கள். ஈரத்தை அளந்து, குறைத்து, மூடிக்குள் சீல் ஒட்டி, ஒரு பெட்டியை ஒரு இரவு தலைகீழாகக் கவிழ்த்து வைத்துப் பாருங்கள். காலையில் அட்டை ஈரமாகாமல் இருந்தால் அந்தப் பேக்கிங் போதும்.

இனி, பணம். விமானமா கப்பலா என்று கேட்பவர்கள் இதை யோசிப்பதே இல்லை, எனக்கோ இதுதான் முதல் விஷயம். கப்பல் சரக்குக்குக் கொடுக்கும் பி.எல். (பில் ஆஃப் லேடிங்) என்ற தாள் சரக்கின் உரிமையையே சுமக்கிறது. மூன்று அசல் தருவார்கள். அதில் ஒன்றைக் காட்டாமல் அந்தப் பக்கம் சரக்கை எடுக்க முடியாது. வங்கி வழியாக அனுப்பி, பணம் கட்டிய பிறகே தாளைக் கொடு என்று சொல்லலாம். ஏர்வே பில் அப்படி இல்லை. அது வெறும் ரசீது மாதிரி. பெறுபவர் இடத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர் போய் அடையாளம் காட்டினால் சரக்கைக் கொடுத்துவிடுவார்கள், உங்களுக்குப் பணம் வந்ததா என்று யாரும் கேட்க மாட்டார்கள். முன்பின் தெரியாதவருக்கு விமானத்தில் கடனுக்கு அனுப்புவது, சரக்கை நடுரோட்டில் வைத்துவிட்டு வருவதற்குச் சமம். ஒன்று, ஷெட்டில் ஒப்படைக்கும் முன் முழுப்பணமும் வாங்குங்கள். இல்லையென்றால், அவருடைய வங்கியிடம் முன்கூட்டிச் சம்மதம் பெற்று, அந்த வங்கியின் பெயரைப் பெறுபவர் இடத்தில் போடுங்கள். வங்கி கடிதம் கொடுத்தால்தான் அவருக்குச் சரக்கு கிடைக்கும். தொடர்ந்து கடனுக்கு வியாபாரம் செய்யும் நிலை வந்தால் மத்திய அரசின் இ.சி.ஜி.சி. காப்பீடு இருக்கிறது, வாங்குபவர் பணம் தராமல் போனால் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும்.

விலை பேசும்போது எஃப்.ஓ.பி. (கப்பலில் ஏற்றும்வரை உங்கள் செலவு), சி.ஐ.எஃப். (கப்பல் கூலியும் காப்பீடும் சேர்த்து உங்கள் செலவு) என்று அவர் ஏதாவது எழுதியிருப்பார். இவை கப்பலுக்கு உரிய சொற்கள். விமானமென்றால் எஃப்.சி.ஏ. (சரக்கை ஒப்படைக்கும்வரை உங்கள் செலவு) அல்லது சி.பி.டி. (போய்ச் சேரும்வரை கூலி உங்களுடையது) என்று எழுதுவதுதான் சரி. ஊரில் பாதிப்பேர் விமானத்துக்கும் எஃப்.ஓ.பி. என்றுதான் எழுதுகிறார்கள், ஓடவும் செய்கிறது. சண்டை வரும் நாளில்தான் வித்தியாசம் தெரியும்.

காப்பீடு எடுங்கள், தொகை பெரிதாக இருக்காது. கப்பலெல்லாம் எங்கே மூழ்கப்போகிறது என்று முன்பு சிரிப்பார்கள். 2025 மே மாதம் விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் போன எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பல் 640 கன்டெய்னர்களோடு கேரளக் கடலில் சாய்ந்து மூழ்கியது. அதிலிருந்த பிளாஸ்டிக் குருணை நம் கடற்கரைவரை வந்து ஒதுங்கியது. அதன் பிறகு யாரும் சிரிப்பதில்லை. கப்பல் மூழ்காமல் தப்பினால்கூட, அதைக் காப்பாற்றிய செலவைச் சரக்குக்காரர்கள் எல்லோரும் பங்கு போட்டுக் கட்ட வேண்டிய கடல் சட்டம் ஒன்று உண்டு. காப்பீடு இல்லாதவர் தன் பங்கைக் கையிலிருந்து கட்டிவிட்டுத்தான் சரக்கை எடுக்க முடியும்.

காகிதப் பக்கத்தைச் சீக்கிரம் முடிக்கிறேன். ஏற்றுமதி இறக்குமதிக்கான ஐ.இ.சி. எண் வேண்டும், ஆன்லைனில் 500 ரூபாய், உங்கள் பான் எண்ணே அந்த எண்ணாக வரும். ஜி.எஸ்.டி.யில் எல்.யு.டி. (வரி கட்டாமல் ஏற்றுமதி செய்வதற்கான உறுதிப்பத்திரம்) தாக்கல், உணவுப் பாதுகாப்பு உரிமம், வேளாண் பொருள் ஏற்றுமதி ஆணையமான அபெடாவில் பதிவு. வங்கியில் ஏ.டி. கோடு (ஏற்றுமதிப் பணம் வரும் வங்கிக் கிளையின் எண்) வாங்கி, ஏற்றப்போகும் துறைமுகத்திலோ விமான நிலையத்திலோ பதிய வேண்டும். புதியவர்கள் நிற்பது இந்த ஏ.டி. கோட்டில்தான்: தூத்துக்குடியில் பதிந்துவிட்டுத் திருவனந்தபுரத்தில் லாரியோடு வந்து நிற்பார்கள். ஏற்றுமதிக்கான சுங்கப் படிவமான ஷிப்பிங் பில்லைக் கிளியரிங் ஏஜென்ட் போடுவார். ஐக்கிய அரபு அமீரகத்தோடு 2022 மே 1 முதல் வர்த்தக ஒப்பந்தம் நடப்பில் இருக்கிறது. உங்கள் பொருள் அந்தப் பட்டியலில் வந்தால், நீங்கள் எடுத்துத் தரும் பிறப்பிடச் சான்றிதழால் அவருக்கு அங்கே இறக்குமதி வரி மிச்சமாகும். அதைச் சொல்லி விலை பேசலாம். அங்கே உணவுப் பொருளை இறக்குமதி செய்பவர் முன்கூட்டியே லேபிளைத் துபாய் மாநகராட்சியில் பதிந்திருக்க வேண்டும், அரபு மொழியில் விவரம் இருக்க வேண்டும், தயாரித்த தேதியும் காலாவதித் தேதியும் பாக்கெட்டிலேயே அச்சாகியிருக்க வேண்டும். தேதியை ஸ்டிக்கரில் ஒட்டி அனுப்பாதீர்கள். லேபிள் பதிவு அவர் வேலை, ஆனால் முடிந்துவிட்டதா என்று கேட்காமல் நீங்கள் எண்ணெயைக் காய வைக்கக் கூடாது.

விழிஞ்ஞத்தைப் பற்றி. 2025 மே 2-ஆம் தேதி முறைப்படி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட துறைமுகம், பெரிய கப்பல்கள் வருகின்றன, உங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத் தூரம். எல்லாம் உண்மை. ஆனால் அது கட்டப்பட்டதே கப்பலிலிருந்து கப்பலுக்குக் கன்டெய்னர் மாற்றுவதை முதன்மை வேலையாக வைத்து. பத்து பன்னிரண்டாயிரம் கன்டெய்னர் சுமக்கும் கப்பல் அங்கே நிற்பதாலேயே உங்கள் ஐந்து கன மீட்டரைத் துறைமுக வாசலுக்குள் கொண்டுபோய்க் கொடுத்துவிட முடியாது. சில்லறைச் சரக்கைச் சேர்த்து அடைக்க சி.எஃப்.எஸ். எனப்படும் கன்டெய்னர் கிடங்குகள், சேர்ப்பவர்கள், வாராவாரம் கிளம்பும் கன்டெய்னர், பழகிய கஸ்டம்ஸ் ஏஜென்ட்கள் என்று ஒரு சந்தையே கூடி வர வேண்டும். தூத்துக்குடியில் அந்தச் சந்தை பல காலமாக இருக்கிறது. நாகர்கோவிலிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர் டெம்போ வாடகை, உங்கள் மொத்தச் செலவில் சின்னப் பங்குதான். குளச்சலில் ஒரு காலத்தில் கப்பல் வந்து சரக்கு ஏற்றிய ஊர்க்காரர்கள் நாம். பக்கத்தில் துறைமுகம் வந்தால் ஆசை வரத்தான் செய்யும். முழுக் கன்டெய்னர் அளவுக்கு நீங்கள் வளர்ந்த பிறகு, அந்தந்த வாரத்தில் எந்தக் கப்பல் கம்பெனி சாலை வழிச் சரக்கை அங்கே எடுக்கிறது என்று ஃபார்வேர்டரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

சரி, நான் உங்கள் இடத்தில் இருந்தால்? ஏத்தங்காய் சிப்ஸ் நல்ல பேக்கிங்கில் மூன்று மாதம் நிற்கும் என்று வைத்தால், எல்.சி.எல்.லில் கிடங்கு, கப்பல், அந்தப் பக்கத்துக் கிளியரன்ஸ் எல்லாம் சேர்ந்து மூன்று நான்கு வாரத்தைத் தின்றுவிடும். மீதி இரண்டு மாதத்தில் அவர் விற்க வேண்டும். முதல் ஆர்டரில் அந்தச் சூதாட்டம் வேண்டாம். முன்பணம் வாங்கிக்கொண்டு, 500 கிலோவை 150, 200 ஆகக் குறைத்து, தேனும் சேர்த்து ஒரே ஏர்வே பில்லில் திருவனந்தபுரம் வழியாக அனுப்புவேன். லாபம் மெலியும். ஆனால் அவர் எப்படிப்பட்டவர், லேபிள் தேறுகிறதா, சிப்ஸ் நொறுங்காமல் போகிறதா என்பதெல்லாம் பத்து நாளில் தெரிந்துவிடும். அடுத்த ஆர்டர் பெரிதாக வரும்போது வங்கி வழி பி.எல்.லோடு கப்பல். மழைக்காலத்தில் கப்பலில் போனால் கன்டெய்னருக்குள் ஈரம் உறிஞ்சும் பைகளைத் தொங்கவிடச் சொல்லுங்கள். இரவு குளிர்ந்து கன்டெய்னர் கூரை வியர்த்து, அட்டை மேல் மழை மாதிரி சொட்டும்.

கிளம்பும் நாளில் டெம்போவில் ஏற்றும்போது நீங்களே நின்று பெட்டிகளை எண்ணுங்கள். மொத்த ஆர்டரும் போவதாக இருந்தால் ஐம்பதும் பதினேழும் அறுபத்தேழு. கடைசி நேரத்தில் கடைக்காரர் கேட்டார் என்று மரச்சீனி (மரவள்ளி) சிப்ஸ் ஒரு பெட்டி சேர்த்து, பேக்கிங் லிஸ்டில் அறுபத்தேழு என்றே விட்டுவிட்டால், விமான நிலையத்து ஷெட்டில் அந்த அறுபத்தெட்டாவது பெட்டிக்காக மற்ற அறுபத்தேழும் காத்துக் கிடக்கும்.